ரேஷன் கார்டில் எழுதிய மகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெற்றது நான்கு. இந்தப் பெற்ற விவரத்தை நாற்பது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. செம்பூரில் ஒரு வக்கீல் கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன்.

ஐந்தாவது, எங்களுக்கு எதிர் அறையில் இருந்தவளின் குழந்தை. அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் புருஷன் உல்லாஸ்நகரில் வேலை இருக்கிறது என்று போனவன் திரும்பவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை வாசலைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் தத்தித் தத்தி வந்தது, என் தட்டில் சாப்பிட்டது, அப்படியே தங்கிவிட்டது. ரேஷன் கார்டு புதுப்பித்தபோது அவள் பெயரையும் மகள் என்றே எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார்கள். தாராவியில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் அப்படித்தான் நம்பிக்கை: ரேஷன் கார்டில் பெயர் ஏறிவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளை. அதற்குமேல் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.

அவளை நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுவோம். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள். மற்ற நான்கு பேரும் தனித்தனி வீடு பார்த்துப் போன பிறகு, அறையில் நானும் அவளும்தான்.

அந்த அறை என் பெயரில் இருக்கிறது. சட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்து நான் வாங்கியது. "நீ தச்சது. உன் பேருலயே இருக்கட்டும்" என்று, இப்போது உயிரோடு இல்லாத என் வீட்டுக்காரர் அப்போதே சொல்லிவிட்டார்.

போன வருடம், எங்கள் சந்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். செய்தி கேட்டுப் பெரியவன் கோபர்கைரனேயிலிருந்து போன் செய்தான்.

"எம்மா, பில்டிங் வந்துட்டா நமக்கு ஒரு ஃபிளாட் உறுதி. பெறவு நாங்க நாலு பேரும் பேசி வச்சுக்கிடுவோம். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத."

போன் சத்தமாக வைத்திருந்தது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாலு பேர் என்றது அவள் காதிலும் விழுந்தது. தலை நிமிரவில்லை, நறுக்கிக்கொண்டே இருந்தாள். பெரியவன் கெட்டவன் இல்லை. யோசிக்காமல் சொன்னான். யோசிக்காமல் வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் கண்ணை மூடினால் இவள் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போவாள்?

மறுவாரமே, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சொன்ன வக்கீலைப் பார்க்க ஆட்டோ பிடித்துப் போனோம். இரண்டு மாடி ஏறினால் சின்னதாக ஓர் ஆபீஸ். வக்கீல், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் பேத்தி வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்.

"வாங்கோ பாட்டி, மூச்சு வாங்கறது பாருங்கோ. மொதல்ல உக்காருங்கோ."

நான் உட்காருமுன்னே உறையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் கையில் இருந்த பெரிய ஆயுதம் அதுதான். அந்தப் பெண் நிதானமாகப் படித்தது.

"பாட்டி, இது அரிசி கோதுமை வாங்கறதுக்கு. இதுல பேர் இருக்கறதால மட்டும் இவா வாரிசு ஆயிட மாட்டா."

"நாப்பது வருசமா மகள்னு எழுதியிருக்கே தாயி?"

"நானூறு வருஷம் எழுதியிருந்தாலும் அப்படித்தான். தத்து எடுத்த பத்திரம் ஏதாவது இருக்கா?"

"பத்திரமா? அது தானா வந்துச்சு, தானா இருந்துச்சு."

வக்கீல் சிரிக்கவில்லை. "நீங்க ஒண்ணும் எழுதி வைக்கலைன்னா, ரூம் நீங்க பெத்த நாலு பேருக்கும் போயிடும். இவாளுக்கு ஒண்ணும் கிடையாது" என்றது.

நாற்பது வருடம் அரிசி டப்பாவுக்குள் நான் காத்தது வெறும் காகிதமா? கார்டை எடுத்துத் திரும்ப உறைக்குள் போட்டேன். அந்தப் பெண் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னது: "ஆனா ரூம் உங்க சொந்தச் சம்பாத்தியம். யாருக்கு வேணும்னாலும் நீங்க உயில் எழுதலாம்."

"பிள்ளைகளக் கேக்காண்டாமா?"

"வேண்டாம்."

"நான் செத்த பெறவு மாத்திட்டாங்கன்னா?"

"சண்டை போடலாம், கேஸ் போடலாம். சரியா எழுதி, சாட்சி வெச்சுட்டா, ஜட்ஜ் உங்க பேச்சு என்னன்னுதான் பார்ப்பார்."

நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடையிலும் குழாயடியிலும் 'ஹட்டோ, ஹட்டோ' என்று ஒதுக்கப்பட்டவள் நான். உயிரோடு நின்று கத்தினாலே என் பேச்சு அம்பலம் ஏறாது. நான் மண்ணுக்குள் போன பிறகு, ஒரு ஜட்ஜ் உட்கார்ந்து, இந்தக் கிழவி என்ன சொன்னாள் என்று கேட்பாராம். இப்படி ஒரு பலம் என்னிடமே இருந்திருக்கிறது, அது தெரியாமல் இத்தனை வருடம் பட்டன் தைத்திருக்கிறேன்.

இங்கிலீஷில் எழுதட்டுமா என்று வக்கீல் கேட்டது. "எனக்குத் தெரியாத பாசையில நான் எப்பிடித் தாயி பேசுவேன்?" என்றேன். தமிழிலேயே எழுதியது. மற்ற நான்கு பேருக்கும் நான் முன்பே செய்ததையெல்லாம் கேட்டு, அதையும் எழுதியது. பிறகு தயங்கியது.

"மகள்னு மட்டும் எழுதினா, நாளைக்கு யாராவது பொய்னு சொல்லுவா. பெறாம வளர்த்த மகள்னு உள்ளது உள்ளபடி எழுதணும் பாட்டி."

சின்னவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னது கிடையாது. அவள்தான் பேசினாள்.

"எழுதச் சொல்லும்மா. எனக்குத் தெரியாதாக்கும்? உன் மூக்கு எனக்கு வராம தப்பிச்சப்பவே தெரியும்."

வக்கீல் அப்போது சிரித்தது. நானும் சிரித்தேன். கண் நிறைந்துவிட்டது.

எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டுமாம். இன்றைக்கு என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார். "வெள்ளிக்கிழம. உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் தளந்து தொங்குது" என்றேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். அவரே ஒரு சாட்சி, எங்கள் கீழ்வீட்டு டெய்லர் இன்னொரு சாட்சி. கைநாட்டா, கையெழுத்தா என்று வக்கீல் கேட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் பெயர் எனக்கு எழுத வரும். ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

உயிலை ஒளித்து வைக்கலாம், சொல்லியும் விடலாம், உங்கள் இஷ்டம் என்றது வக்கீல். நான் ஒளிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரையும் வரச் சொன்னேன். பெரியவனின் மகள் கோவில் வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தவள். அவளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். தட்டுத் தடுமாறி வாசித்தாள். 'நான் பெறாமல் வளர்த்த என் மகளுக்கு' என்ற இடம் வந்ததும் நிறுத்தி அவள் அப்பாவைப் பார்த்தாள். "வாசிட்டி" என்றேன். வாசித்து முடித்தாள்.

பெரியவன் டீத் தம்ளரை வாயிலிருந்து எடுத்தான்.

"எங்கள ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டியேம்மா?"

"கேட்டிருந்தா எழுத விட்டிருப்பியால?"

மற்ற மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். தம்ளரைக் கீழே வைத்தான். "செம்பூருக்கு ரெண்டு மாடி ஏறியா போன? என்னக் கூப்பிட்டிருந்தா காரு எடுத்துட்டு வந்திருப்பேன்லா" என்றான். அது சம்மதமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. சின்னவள் எழுந்து அவன் தம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி வாசித்தபோது, 'வாசிட்டி' என்றதைத் தவிர நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் பேச்சு அறையில் நின்றது, நான்கு பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள். நான் இல்லாத அன்றைக்கும் இப்படித்தான் இருக்கும். இருந்து அதைக் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

காகிதத்தை மடிக்கப்போன பேத்தியின் கையைப் பிடித்தேன்.

"மடிக்காதட்டி, என் ராசாத்தி. மொதல்ல இருந்து இன்னொரு வாட்டி வாசி. மெதுவா."