தட்டைத் தின்ற மை

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பில் நான் உட்கார ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. உள்ளே இருக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை, நான் சேருவதற்கு முன், ஒரு பக்கச் சுவரை இடித்துக் கிரேன் வைத்து இறக்கினார்களாம். அதற்குத் தனி ஏசி, தனி கரண்ட், வெள்ளிக்கிழமை தோறும் தனிப் பூஜை. அது எடுக்கும் படங்களை ஒரு சிடியில் பதிந்து நோயாளியின் கையில் கொடுப்போம். அந்தச் சிடியின் மேல் பெயர் எழுதுவதற்கு மட்டும், பழ மண்டியில் அட்டைப்பெட்டிக்கு எழுதுகிற பேனாவாகப் பார்த்து எங்கள் மேனேஜர் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார்.

கட்டைவிரல் பருமன். மூடியைத் திறந்தால் பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி மூக்கைப் பிடிக்கும். மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

"வேற பேனா வாங்கக் கூடாதா சார்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மேடம், பேரு நாலடி தள்ளி நின்னு பாத்தாலும் தெரியணும். அதான் ஸ்டாண்டர்டு" என்றார்.

அவர் முன்பு ஒரு கூரியர் ஆபீஸில் இருந்தவர். பார்சல் மேல் முகவரி பெரிதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்கிற ஞானத்தை அங்கிருந்து அப்படியே எடுத்து வந்திருந்தார். ஒருவருடைய முதுகெலும்பும் அவருக்குப் பார்சல்தான்.

அவரை மட்டும் சொல்லி என்ன ஆகப் போகிறது? எழுதியது என் கை. பெயர், வயது, எந்தப் பாகம், ஸ்கேன் நம்பர், தேதி என்று சிடியின் முகம் முழுக்க நிரப்புவேன். கையெழுத்து அழகு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். எழுதி முடித்து, காய ஊதி, கவரில் போட்டு நீட்டும்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நசரத்பேட்டையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இருந்த நிலமெல்லாம் மனையாகிப் போனபின் அந்த வேலைக்கு வந்தவர். லாரியின் மேல் ஏறி மூடியைத் திறக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. பதினோரு மாதத்துக்கு முன் எங்களிடம்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அந்தச் சிடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"இன்னாமா இது, வெறும் தட்ட குட்த்து அனுப்பிகிறீங்க?" என்று மேசைமேல் வைத்தார். "பெரியாஸ்பத்திரில டாக்டரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாரு. சும்மா சுத்திகினே கீது, ஒண்ணியும் வர்ல. போன வாட்டிக்கும் இப்பத்திக்கும் இன்னா வித்தியாசம்னு பாக்கணுமாம். அத்த பாத்தாதான் ஆப்ரேசனா மாத்திரையான்னு சொல்லுவாராம்."

கழுத்தில் அடையாள அட்டை ஆட மேனேஜர் வந்தார். சிடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வெயில்ல வெச்சிருப்பீங்கம்மா. கொழந்தைங்க எடுத்து வெளையாடியிருக்கும்."

"எங்க ஊட்ல கொயந்தையே கெடையாது" என்றார் அந்த அம்மாள். "பீரோல பட்டுப்பொடவைக்கு நடுவுல வச்சிகினு இருந்தேன்."

காத்திருந்த ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜருக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். "சரி, புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க. டிஸ்கவுண்ட் போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். பழைய படத்தைக் கேட்டு வந்தவரிடம் புதுப் படம் எடுக்கச் சொல்கிறார். காணாமல்போன மாட்டைத் தேடி வந்தவனிடம் பால் பாக்கெட் நீட்டுவதுபோல.

பழைய படம் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை என்பதும் அவருடைய ஸ்டாண்டர்டு. அந்த அம்மாளிடம் பெரிய கறுப்பு ஃபிலிம் ஒன்று இருந்தது. ஆனால் அதில் அச்சடித்திருந்த சில படங்களில் டாக்டர் கேட்டது இல்லை. மிச்சமிருந்தது அந்தச் சிடி ஒன்றுதான்.

நான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் அடிப்பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. இருந்தும் அங்கே எழுத்து தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பி, மங்கலாக, அவருடைய கணவரின் பெயர். சுழித்துச் சுழித்து நான் எழுதிய எழுத்து. சில இடங்களில் ஊசி முனை அளவுக்கு வெளிச்சமும் வந்தது.

அந்த அம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஸ்கேன் டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட் எழுத தினமும் இரண்டு மணி நேரம் வருகிறவர். நாற்காலியைத் திருப்பாமலே சிடியை வாங்கிப் பார்த்தார்.

"தின்னர் கலந்த மை" என்றார். "எல்லாரும் அடிப்பக்கத்துலதான் படம் இருக்குன்னு நெனைச்சு அதைப் பொத்திப் பொத்தி வைக்கிறாங்க. அது கனமான பிளாஸ்டிக், லேசா கீறினா ஒண்ணும் ஆகாது. பதிவு இருக்கிறது மேல்பக்கத்துக்கு ஒட்டினாப்பல. அதுக்கு மேல வார்னிஷ் மாதிரி ஒரு படலம், அவ்வளவுதான் பாதுகாப்பு. இந்த மாதிரி மை அதைக் கரைச்சுகிட்டு மெதுவா இறங்கும். எழுதின அன்னிக்குத் தெரியாது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியுமே."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அமைதியாக அடுத்தவரின் மூளைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். படித்தவர்களின் மௌனத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, எல்லார் முன்னாலும் சொன்னேன். "அம்மா, உங்க மேல தப்பே இல்ல. இது நாங்க எழுதின பேனாவால கெட்டது. நான்தான் எழுதினேன்."

மேனேஜர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "மேடம், உள்ள வாங்க" என்றார். நான் போகவில்லை.

பின்னறையில் யாரும் தொடாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. புது டிரைவ்கள் இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட சிடியை அது விடாமல் கடகடவென்று அரைத்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க அதன் முன் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் என் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையில் ஒவ்வொரு படமாக விழும்போதெல்லாம் "வந்துட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் தேறியது. டாக்டரை நாற்காலியிலிருந்து எழுப்பி இழுத்து வந்து காட்டினேன். வேண்டிய இடத்துப் படங்கள் கிட்டத்தட்ட எல்லாம் இருப்பதாகச் சொன்னார். அவற்றைப் புதுச் சிடியில் பதிந்து, மேலே ஒன்றும் எழுதாமல், கவரில் மட்டும் பெயர் எழுதிக் கொடுத்தேன்.

"நீ எயுதுனதாலதான் போச்சுன்னு வாய தொறந்து சொன்ன பாரு, அதுக்கோசரம் உடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். சிடி மேல் எழுதப் பேனா வேண்டும், தின்னர் மை கூடாது என்றேன்.

"எல்லாம் ஒரே இங்க்குதாம்மா" என்றார் கடைக்காரர்.

"ஒரே இங்க்குன்னா எதுக்கு இருபது பேனா வெச்சிருக்கீங்க?"

"கலரு வேற."

இந்தப் பதிலுக்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். அட்டையில் 'சிடி மார்க்கர்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றில் அதே பெயிண்ட் கடை நாற்றம். அதற்கு விலையும் அதிகம்.

"மல்லிப்பூவா வாங்கறே, மோந்து மோந்து பாக்கறே?" என்றார். பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று, வாசனை அதிகம் வராத, முனை மெத்தென்று இருந்த இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று தண்ணீர் மை, இன்னொன்றில் லேசான ஸ்பிரிட் வாசனை. ஒப்பிட்டுப் பார்க்க அந்த 'சிடி மார்க்கர்' ஒன்றையும் வாங்கிக்கொண்டேன்.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல் விளிம்பில்தான் என் ஆராய்ச்சிக்கூடம். என் கணவர் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவர். வீட்டில் உப்பு குறைந்தால்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் நான் புதுச் சிடிகளில் ஆயுத பூஜைப் போட்டோக்களைப் பதிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பேனாவால் எழுதி, மாதக்கணக்கில் ஆவது சீக்கிரம் ஆகட்டும் என்று வெயிலில் வரிசையாக வைப்பதைப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்தார்.

"எழுதாத சிடி ஒண்ணு வைக்கலையா?"

"அது எதுக்குங்க?"

"நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போனா வெயிலால கெட்டுதா, மையால கெட்டுதான்னு எப்படிச் சொல்லுவே? சும்மா ஒண்ணு வை."

இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் உருப்படியாக ஒரு யோசனை. வைத்தேன்.

அக்னி நட்சத்திரம் முடியும்வரை காத்திருந்து எடுத்துப் பார்த்தேன். மேனேஜரின் பேனா எழுதியதில் பாதிப் போட்டோ திறக்கவில்லை. 'சிடி மார்க்கர்' என்று அட்டையில் பீற்றிக்கொண்டதும் அதன் தம்பிதான். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, நடுவில் நின்றுபோனது. ஒன்றில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அது வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது, இழுத்தபோது வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. தண்ணீர் மை, ஸ்பிரிட் மை, எழுதாதது மூன்றும் நன்றாகத் திறந்தன. தண்ணீர் மையில் ஒரு குறை, வேர்வைக் கை பட்டால் இழுபடும். ஸ்பிரிட் மை வருடக்கணக்கில் என்ன செய்யும் என்று என் ஜன்னல் சொல்லவில்லை. அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். எழுதுவது தண்ணீர் மை. எழுதும் இடம், சிடியின் நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் கண்ணாடி மாதிரி வளையம். அங்கே பதிவே கிடையாது, என்ன எழுதினாலும் எதுவும் கெடாது. இடம் குறைவு, ஸ்கேன் நம்பர் மட்டும்தான் பிடிக்கும். பெயர் கவரில்.

கெட்ட சிடிகளையும் நல்ல சிடிகளையும் மேனேஜரின் மேசையில் அடுக்கினேன். பார்த்தார். அடுத்த வாரம் வரவேற்பில் லேமினேட் செய்த அறிவிப்பு ஒன்று தொங்கியது. 'சிடியில் தரமான பேனாவால் மட்டுமே எழுத வேண்டும் - நிர்வாகம்.' அதை அவரே, அந்தத் தடித்த மார்க்கரால், நாலடி தள்ளித் தெரிகிற மாதிரி எழுதியிருந்தார். முதலாளி வந்த அன்று, குவாலிட்டியில் தான் எடுத்த முயற்சி என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. இத்தனை வருடம் என் அழகான கையெழுத்தோடு எத்தனை பீரோக்களில் எத்தனை சிடிகள் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கும்? எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லலாம் சார் என்றேன்.

"நம்ம தப்பை நாமளே ஊருக்குத் தமுக்கு அடிக்கணுமா மேடம்?"

"தப்புன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே" என்றேன். அதன்பின் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பெரிய வியாதிக்காக வந்தவர்கள் யார் யார் என்று பழைய ரிஜிஸ்தரில் பார்த்து, ஒவ்வொருவராக என் போனிலிருந்து கூப்பிட்டேன். சிடியை எடுத்து வாங்க, படத்தை வேறொன்றில் ஏற்றித் தருகிறேன் என்று.

முதல் ஆள் கேட்டார், "அடுத்து ஓடிபி கேப்பே, அதான? எத்தினி பேர்மா கெளம்பிகிறீங்க இப்டி?" போனை வைத்துவிட்டார். இன்னொருவர் சைபர் போலீசுக்குச் சொல்வேன் என்றார். வானகரத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். போட்டுப் பார்த்தால் சிடி ஒரு பழுதும் இல்லாமல் திறந்தது. "நல்லாத்தான கீது? இதுக்கா வெயில்ல வரச் சொன்னே?" என்று ஒரு பிடி பிடித்தார். சிடி கெட்டிருந்தால் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும் போல. வந்த மற்றவர்களில் நான்கு பேருடையது பழைய கம்ப்யூட்டரில் அரைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஒருவருடையது எடுக்கவே முடியவில்லை. அதைக் கொண்டுவந்தவர் கோபப்படவில்லை. "பரவால்லம்மா, ஆள் போய்ட்டாரு" என்று வெறும் சிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அன்று மதியம் நான் யாருக்கும் போன் செய்யவில்லை.

தண்ணீர் லாரிக்காரருக்கு ஆபரேஷன் ஆகி, இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாராம்.

இப்போது மேனேஜர் சிடியே வேண்டாம், போனுக்கு லிங்க் அனுப்பினால் போதும் என்கிறார். வருகிறவர்களிடம் உலகம் எங்கேயோ போய்விட்டது என்று பிரசங்கம் வேறு. அந்த லிங்க் முப்பது நாளில் காலாவதி என்று அடியில் எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறது.

"அதுக்கப்புறம் படம் வேணும்னா சார்?"

"டவுன்லோட் பண்ணி வெச்சுக்க வேண்டியது அவங்க பொறுப்பு மேடம்."

நான் வருகிறவர்களிடம் முதலில் அவர்கள் கையில் இருப்பது எந்தப் போன் என்று பார்க்கிறேன். பட்டன் போன் என்றால், மேனேஜர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, ஒரு சிடியைப் பதிந்து கொடுத்துவிடுகிறேன்.