நான் வந்தால் அணைகிற பெட்டி

கெங்கம்மாள் என்னை முதன்முதலாகச் சந்தித்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். அம்பத்தூர் புதூரில் அவருடைய வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

"உள்ள இன்னா கீது?"

"லேப்டாப்புங்க."

"தொறந்து காட்டு."

திறந்து காட்டினேன். சார்ஜரைக்கூட எடுத்துக் குலுக்கிப் பார்த்த பிறகுதான் என் பேரைக் கேட்டார். விஷ்ணு என்றேன். ஊர் கரூர் என்றேன். அதற்கும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். எப்படியோ அறை கிடைத்துவிட்டது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தில் பிற்பாடு கம்பெனி வந்தது. மகளான இவர் அங்கேயே மாதச் சம்பளத்துக்குப் போனார். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எந்தக் காலர் கோணல் என்று கண்டுபிடிப்பது வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் அவர் பையையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். இப்படியே பாதி ஆயுள் போனால் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்? கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பார். வாங்கி வந்த தக்காளியை வீட்டுத் தராசில் மறுபடி போடுவார். கூரியர் பையன் கையெழுத்துக் கேட்டால், "எதுக்கு?" என்பார். நானும் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங்கில் இருப்பவன். குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கும் சோறு போடுகிறது. ஒரே தொழில்காரர்கள் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

அவர் கணவர் வீராசாமி நேர் எதிர். லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர். இளவயதில் எஸ்டேட் கால்பந்து டீமில் பின்னால் நின்று ஆடியவர். நான் குடிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில் குளியலறையில் சுருண்டு விழுந்திருக்கிறார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. கால் ஓரளவு வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. எல்லாம் புரியும், கேட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவார்.

விரலுக்கு வேலை கொடுங்கள் என்று பிசியோதெரபி செய்ய வந்தவர் சொன்னாராம். பூந்தமல்லியில் குடியிருக்கும் மகன் ஜீவா தன்னுடைய பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டி.வி.க்குக் கீழே வைத்து, எந்தப் பட்டனை எப்படி அழுத்துவது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பைக் ஓட்டும் ஆட்டம் ஒன்று, கால்பந்து ஒன்று.

ஒருநாள் வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு சத்தம். "அடிடா டேய்! அடிடா!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தால் வீராசாமி! கண்ட்ரோலரை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டி.வி.யில் ஓடும் ஆட்டக்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அன்றிலிருந்து நான் இரண்டாவது ஆள். "பாஸு, பாஸு! போடு நைனா! ஐயோ, பரதேசி!" தண்ணீர் என்ற சொல் வராத வாயில் வசவெல்லாம் பூவாக உதிர்ந்தது. கோபமும் கொண்டாட்டமும் மூளையில் வேறு வழியாக வரும், அதை விடாமல் பழக்கினால் மற்ற பேச்சும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

நாங்கள் ஆடும்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். கெங்கம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசல தம்பி. அந்தப் பொட்டிகிட்ட பேசுது. பேசட்டும். ஊட்டுல அந்தக் கொரலு கேட்டா போதும் எனக்கு."

அப்படிப்பட்ட பெட்டிதான் ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பட்டென்று அணைந்தது.

திரை கறுப்பானதும் வீராசாமியின் வாயும் மூடிக்கொண்டது. மறுபடி போட்டோம். கொஞ்ச நேரம் ஓடி மறுபடி அணைந்தது. அடுத்த முறையும் அதே கதை. கோல் அடிக்கப் போகும் நேரத்தில் அணையும்போது அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு அழுகை வராத குறை.

உண்மையைச் சொன்னால், நான் முதலில் சந்தேகப்பட்டது கெங்கம்மாளைத்தான். பெட்டிக்குக் கரண்ட் போகும் பலகையின் சுவிட்ச் சமையலறைச் சுவரில் இருக்கிறது. கதவோரம் அவர்தான் நிற்கிறார். கரண்ட் பில்லைப் பற்றிப் புலம்பாத நாள் கிடையாது. அதனால் ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து, பெட்டி சொருகியிருந்த அதே பலகையில் சொருகி வைத்தேன். பெட்டி அணைந்தது, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் மேல் தப்பில்லை. வேறு ஒயர் மாற்றினேன், வேறு பிளக்கில் போட்டேன், ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

கெங்கம்மாளும் சும்மா இருக்கவில்லை, தன் பாணியில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, நேத்து நீ வரல. பொட்டி சூப்பரா ஓடுச்சு. முந்தாநேத்து வந்தே, அணஞ்சிடுச்சு. போன வாரம் ஊருக்குப் போனியே, அப்பவும் ஓடிகினுதான் இருந்துச்சு. இன்னா அர்த்தம் இதுக்கு?"

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆபீசில் இப்படி ஒருவர் கணக்காகச் சொன்னால் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் பெட்டியை வயர்கூடையில் வைத்து ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றிருக்கிறார் கடைக்காரர். "வெச்சிட்டுப் போனா உள்ள கீற ஒரிஜினல எடுத்துகினு டூப்ளிகேட்ட போட்டுடுவே. என் கண்ணு முன்னால தொற," என்றிருக்கிறார் இவர். அப்படியெல்லாம் திறக்க முடியாது என்று சொல்லவும், கூடையோடு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் படியிறங்கி வந்தபோது வாசலிலேயே மறித்தார்.

"கோச்சிக்காத தம்பி. உன் மேல தப்பு இல்ல. உன் கண்ணு கொஞ்சம் பெருசு. சில பேருக்கு அப்படித்தான், அவங்களுக்கே தெரியாது. கொஞ்ச நாளு வராம இரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. கண்ணாடி போட்ட கண், அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது என்றுகூடச் சொன்னேன் போலிருக்கிறது. உள்ளே வீராசாமி கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கீழே பைக் ஆட்டத்தின் உர்ரென்ற சத்தம் கேட்கும். பெட்டி அணைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மனுஷக் குரல் ஒன்றுகூடக் கிடையாது. என்னோடு ஆடிப் பழகியபின் ஆள் இல்லாமல் கால்பந்து ஆட அவருக்குப் பிடிக்கவில்லை. பைக்கைப் பார்த்துத் திட்டுவதற்கு என்ன இருக்கிறது? எனக்கு இந்த ஊரில் அவரைவிட்டால் பேச ஆள் இல்லை, பேச்சே வராத அவரைத்தான் சொல்கிறேன். மாடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கெங்கம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பொட்டி ஓடுது. ஆனா அவரு வாயத் தொறக்க மாட்றாரு. இன்னா பண்ணி வெச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணல, ஆன்ட்டி. நீங்கதான் வராதன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப வா. அந்தப் பொட்டியத் தொறந்து பாரு. எம் முன்னாலதான் தொறக்கணும்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தரையில் பேப்பரை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் என் கையிலிருந்து வாங்கி டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக்கொண்டார் கெங்கம்மாள். நான் சட்டைப் பையில் கை வைத்தபோது, "இன்னா வெச்சே அங்க?" என்றார். கைக்குட்டை என்றேன். வீராசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

மேல் மூடி வந்தது. உள்ளே சின்ன ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு பிசுக்கு. இறக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. காற்றுப் போகும் தகடுகளில் கறுப்பு அப்பியிருந்தது. சாதாரணத் தூசி அப்படி ஒட்டாது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். பளிச்சென்று புரிந்துவிட்டது, ஆனாலும் வாயைத் திறக்காமல் விரலை அவர் பக்கம் நீட்டினேன்.

கெங்கம்மாள் மோந்தார். அவர் முகம் மாறியது.

"சாம்பிராணி," என்றார். "உள்ள எப்படிப் போச்சு?"

"நீங்கதான் சொல்லணும்."

டிபன் மூடியில் கிடந்த திருகுகளை ஒருமுறை எண்ணினார்.

"அவருக்கு வந்ததுலேர்ந்து செவ்வா வெள்ளி போட்டுகினுதான் கீறேன். அவரு குந்துற எடமாச்சேன்னு இங்கதான் மொதல்ல. அப்பால இது அணைய ஆரம்பிச்சதும், நீ வந்துட்டுப் போற நாளெல்லாம் போட்டேன். வெண்கடுகும் சேத்து. பொட்டியில ஓட்ட ஓட்டயா கீதே, உள்ளயும் போவட்டும்னு மொறத்தால விசிறினேன்."

சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கியும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேன் காற்றை இழுத்துத்தான் பெட்டி சூடாகாமல் இருக்கிறது, புகை பிசினாக அடைத்துவிட்டால் சூடு தாங்காமல் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். பைக் ஆட்டம் லேசான ஆட்டம், அதற்குச் சூடு ஏறாது. நான் வந்தால்தான் கால்பந்து. பெட்டிக்கு அது பாரம். என் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அணைய அணைய இவர் புகை போட்டார், புகை போடப் போட அது இன்னும் சீக்கிரம் அணைந்தது. அத்தனையையும் கேட்டுவிட்டு, "அப்படியா சொல்றே?" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பழைய டூத் பிரஷ்ஷையும் ஸ்பிரிட்டையும் வைத்துச் சுரண்டித் துடைத்தேன். கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சூடு கடத்தும் பசையை வாங்கிவந்து தடவினேன். திருகுகளை ஒவ்வொன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். மூடிப் போட்டோம். கால்பந்து. முதல் ஆட்டம் முடிந்தது, அணையவில்லை. இரண்டாவதும் முழுசாக முடிந்தது. "கோலு! கோலு நைனா!" என்று வீராசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். கதவோரம் கெங்கம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்த அமைதியில் அவர் முன்னால் வந்து நின்றார்.

"அப்போ உன் கண்ணு இல்ல."

"இல்ல, ஆன்ட்டி."

"எதிர் ஊட்டுக்காரியா இருக்கும்னு நெனச்சேன். ஜீவா மாமியாருன்னு நெனச்சேன். நீ வந்தப்பறம் நீயும் அந்த வகைதான்னு நெனச்சேன். ஒருத்தரும் இல்லேன்னா, கல்லு மாதிரி இருந்த மனுசனுக்கு அப்படி வந்துச்சே, அது யாரு கண்ணு?"

இத்தனை நாளும் அவர் அந்தப் புகைக்குள் தேடிக்கொண்டிருந்தது பெட்டியைக் கெடுத்தவனை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீராசாமி கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது.

"யாரும்... இல்ல."

கெங்கம்மாள் திரும்பினார். "இன்னாது?"

"யாரும் இல்ல... கெங்கா." கழுத்து நரம்பு புடைத்தது. "மாத்திர. துப்பிட்டேன்."

"எந்த மாத்திர?"

"பி.பி. முன்ன... தெனம்."

"நான்தானே கையில குடுத்தேன்? தண்ணியும் குடுத்து, நின்னு பாத்துட்டுதானே போவேன்?"

வீராசாமி தலையாட்டினார். கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தள்ளிக் காட்டினார். பிறகு கையால் ஜன்னல் பக்கம் வீசிக் காட்டினார்.

தக்காளிக்காரனிலிருந்து என் கைக்குட்டை வரை சந்தேகப்பட்ட அந்தப் பெண்மணி இந்த ஒரு ஆளை மட்டும் சந்தேகப்படவே இல்லை. அடிப்பாரோ, உட்கார்ந்து அழுவாரோ என்று நான் பயந்தேன். இரண்டும் செய்யவில்லை. உள்ளே போய் மாத்திரை அட்டையும் தண்ணீர்ச் சொம்பும் கொண்டுவந்தார். ஒன்றைப் பிதுக்கி அவர் நாக்கில் வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

"வாயத் தொற."

திறந்தார்.

"நாக்கத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்."

மோவாயைப் பிடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"முழுங்கிட்டேன்டி," என்றார் வீராசாமி.

"நான் நம்ப மாட்டேன்," என்றார் கெங்கம்மாள். குரல் உடைந்துபோயிருந்தது. "இன்னொரு தபா சொல்லு."