மலர் உதவிக்கு நின்றவர் அல்ல

சிவமலரின் மரண அறிவித்தலில் அவர் ஒரு பயிற்றுவிப்பாளர் என்று எழுதப்படவில்லை. இறுதிக் கிரியையில், அவரிடம் விளையாட்டுப் பழகிய பெண்களில் ஒருத்திக்கும் பேச இடம் கொடுக்கப்படவில்லை. இரண்டும் பிழை. தெரியாமல் நடந்துவிட்டது என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். தெரியாமல் இருந்ததுதான் முதற்பிழை என்று அவர்களுக்குச் சொன்னேன். மலரை அறிந்தவர்களுக்காகவும், அறிந்திருந்தோம் என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

செய்தி எனக்குத் தமிழில் வரவில்லை. ஒஸ்லோ நகரின் குரோருட்டில் என் வீட்டில் காலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தபோது இங்ரிட் தொலைபேசி எடுத்தாள். மலரின் அணியில் பந்து எறிபவளாக இருந்த பெண். இப்போது லில்லெஸ்ட்ரோமில் ஆசிரியை. "மலர் இறந்துவிட்டாள்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பிறகு அழுதாள். நான் அடுப்பை அணைத்தேன். "கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?" என்றாள். ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு அது விளங்கும். மலரிடம் பழகிய பெண்கள் எல்லோருக்கும் விளங்கும். மலரின் தமையன் என்னைக் கூப்பிட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

நான் பள்ளிப் படிப்பை முடித்தவன் அல்ல. ஓய்வு பெறும்வரை ஒஸ்லோவில் ஒரு கல்லூரியின் விளையாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இருந்தது. ஆகவே அங்கே யார் வந்தார்கள், யார் வந்ததாகச் சொன்னார்கள் என்ற வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மலர் அந்தக் கல்லூரிக்குச் சிறுபிள்ளைகளின் ஆசிரியையாவதற்குப் படிக்க வந்தவர். இரண்டாயிரமாம் ஆண்டுக்குச் சற்றுப் பிந்திய காலம். மற்ற மாணவிகளைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் பெண்களுக்கு ஒரு சொஃப்ட்போல் அணி இருந்தது. யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணியில் எல்லே விளையாடியவர் மலர். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுவது இரண்டு விளையாட்டிலும் உண்டு. அதை நம்பித்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் எல்லேயில், ஓடுகிறவரின் உடம்பில் பந்தை எறிந்து பட வைத்தால் அவர் ஆட்டமிழப்பார். சொஃப்ட்போலில் அப்படி இல்லை. அதை யாரும் மலருக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் பயிற்சியில், பந்து கைக்கு வந்ததும் மலர் குறி பார்த்து, ஓடிக்கொண்டிருந்த பெண்ணின் முதுகில் எறிந்தார். சத்தம் நான் நின்ற கதவடிவரை கேட்டது. அந்தப் பெண் முழங்காலில் விழுந்தாள். மலர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். ஒருவரும் கைதட்டவில்லை. மண்டபத்தில் இருந்த ஒரே தமிழ் முகம் நான்தான்.

"அண்ணை, அவுட்தானே?"

"இஞ்சை அப்பிடியில்லைப் பிள்ளை. இஞ்சை இதுக்குப் பொலிஸ் வரும்."

அடி வாங்கியவள் எழும்பி முதுகைத் தடவிக்கொண்டு, "இவளை எங்கள் அணியிலேயே வைத்திருங்கள், மற்ற அணிக்குக் கொடுத்துவிடாதீர்கள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மலர் சிரிக்கவில்லை. அன்று பயிற்சி முடியும்வரை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

படிப்பு முடிந்ததும் பியோர்ண்டாலில் ஒரு சிறுவர் பள்ளியில் வேலை கிடைத்தது. பின்னேரங்களில் அதே அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக வந்தார். பிந்திய வருடங்களில் நம் பெண்களும் சிலர் அந்த அணியில் சேர்ந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அவர் முதலில் சொன்னது ஒன்றுதான்: "ஆளுக்கு எறியாதே. இடத்துக்கு எறி." பழைய வெட்கத்தில் இதைச் சொல்கிறாரோ என்று ஒருநாள் கேட்டேன்.

"வெக்கம் இல்லை அண்ணை. ஆளைப் பாத்தால் கைக்குக் கோவம் வரும். இடத்தைப் பாத்தால் பந்து நேராப் போகும்."

அவர் வாழ்ந்ததும் அப்படித்தான். எனக்கு அது வராது. நான் ஆளைப் பார்க்கிறவன்.

உதவிப் பயிற்றுவிப்பாளர் என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஒரு விரிவுரையாளர். நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார், போட்டி நாட்களில் வருவார். பனி விழுகிற மாதங்கள் முழுவதும் மண்டபத்தில் நின்றவர் மலர். பந்து எறிபவளின் தோளில் கையை வைத்து, அது எங்கே இறுகுகிறது என்று பார்ப்பார். எவளுக்குக் காதலனோடு சண்டை, எவள் வீட்டாரோடு தொலைபேசியில் பேசவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பயிற்சி தொடங்க முன்னர் ஒவ்வொருத்தியிடமும், சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். நோர்வேஜியப் பெண்களுக்கு முதலில் அது வேடிக்கை. இரண்டாம் வருடம் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே "மலர், பாணும் முட்டையும்" என்று அறிவித்துக்கொண்டு வந்தார்கள்.

மண்டபத்தைப் பூட்டுகிற நேரத்தில் எங்களுக்குள் எப்போதும் இழுபறி.

"அண்ணை, இன்னும் பத்து நிமிசம்."

"உன்ரை பத்து நிமிசம் எனக்குத் தெரியும். வீட்டிலை சோறு ஆறுது."

"அக்காவை நான் போனிலை சமாளிக்கிறன்."

சமாளித்தும் விடுவார். என் மனைவி மலருக்காக என்னைப் பொறுத்துக்கொண்டதுபோல் எனக்காக என்னைப் பொறுத்ததில்லை.

ஒரு கோடையில் அணி கிண்ணம் வென்றது. கடைசி ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்கு விரல் முறிந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு அவசர வைத்தியத்துக்கு ஓடியவர் மலர். படம் எடுத்தபோது அவர் அங்கே வரிசையில் காத்திருந்தார். படம் கல்லூரிக்கு வந்தது. கீழே எல்லோருடைய பெயரும் இருந்தது, மலருடையது இல்லை. மாட்டச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள்.

"மலரின் பெயர் எங்கே?" என்று விரிவுரையாளரிடம் கேட்டேன்.

"அவர் படத்தில் இல்லையே."

"எங்கே போயிருந்தார் என்று எழுதலாமே."

"படத்துக்குச் சட்டம் போட்டாகிவிட்டது" என்றார், மிகவும் மரியாதையாக.

மலர் வந்து படத்தின் முன்னால் நின்று பார்த்தார். "வடிவாயிருக்கு அண்ணை. கட்டையா நிக்கிறாளே, அவளைப் பாருங்கோ. ஒருநாளும் சிரிக்கமாட்டாள், இதிலை சிரிக்கிறாள்." அவ்வளவுதான்.

விரிவுரையாளர் வேறு நகரத்துக்கு மாறிப் போனபோது, அடுத்த தலைமை மலர்தான் என்று பெண்கள் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன். கல்லூரி, வெளிநாட்டில் பேஸ்போல் விளையாடிவிட்டு வந்த ஓர் இளைஞரை எடுத்தது. மலர் பின்னால் நின்று செய்வதில் மிகச் சிறந்தவர், அந்தப் பலத்தை இழக்க விரும்பவில்லை என்றார்கள். ஒருவரை மிதிப்பதற்கு இவ்வளவு மெல்லிய செருப்பு வேறெங்கும் கிடையாது. தொடர்ந்து உதவியாக இருப்பீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்றார்.

"ஏன் ஓம் எண்டனீ? விட்டிட்டு வந்திருக்கலாமே. அப்ப தெரிஞ்சிருக்கும் அவைக்கு."

"நான் விட்டிட்டு வந்தால் இங்ரிட்டின்ரை தோளை ஆர் பாக்கிறது? அந்தப் பெடியனுக்கு இன்னும் அவளின்ரை பேரே ஒழுங்கா வராது."

நோர்வேஜியரை மட்டும் குறை சொல்லி நான் முடிக்கமாட்டேன். நம் தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டு விழாவை நடத்தித் தரக் கேட்டால் மலர் மறுத்ததில்லை. கோடு போடுவார், குழந்தைகளை வரிசையில் நிறுத்துவார், கரண்டியில் எலுமிச்சங்காயை ஏந்தி ஓடுகிற தேசிக்காய் ஓட்டத்தில் காயை விரலால் பிடிக்கிற தாய்மாரையும் பிடிப்பார். பரிசளிப்பில் பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் கிண்ணங்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்பார். "உதவிக்கு நிண்ட தங்கச்சிக்கும் நன்றி" என்று ஒலிவாங்கியில் சொல்வார்கள். பெயர்கூட இல்லை. ஒருமுறை தேநீர் மேசையடியில் ஒருவர் கேட்டார்.

"பிள்ளை, கொலிச்சிலை என்ன வேலை? பந்து பொறுக்கிறதோ?"

"ஓம் அண்ணை. நீங்களும் வாங்கோ, குனிஞ்சு நிமிந்தால் வயிறு வத்தும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார். மலர் தட்டை எடுத்துக்கொண்டு போன வேகத்தை நான் மட்டும் பார்த்தேன்.

போன குளிர்காலம் நோய் தெரிந்தது. மருந்தால் தலைமயிர் போன பிறகும், கம்பளித் தொப்பியோடு மண்டபத்துக்கு வந்து சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்; ஆனாலும் அவரைக் கூட்டிப் போவதற்காகப் போவேன். பந்து சுவரில் படுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இடக்கைக்காரி இண்டைக்குக் களைச்சுப் போனாள்" என்பார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கண்டேன். கை மெலிந்து, எறிகிற தோளின் எலும்பு துணிக்கு மேலால் தெரிந்தது.

"அண்ணை, ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளே?"

"சொல்லு பிள்ளை."

"எனக்கும் விருப்பம் இருந்தது."

"எதுக்கு?"

"தலைமைக்கு. நான் சண்டை பிடிக்கேல்லை எண்டதுக்காக விருப்பமில்லை எண்டில்லை. ஒரே ஒரு கோடைக்கெண்டாலும்."

தாதி வந்து ஊசி மருந்தை மாற்றினார். மலர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னோடு கதைத்தது தலையணையைப் பற்றித்தான்.

அறிவித்தலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை, மைத்துனி, மாமி, லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்களின் பெயர்கள். மணமாகாதவர் என்பதால் அது சிறிதாகவே இருந்தது. இடம் போதாமல் விட்டதாக யாரும் சொல்ல முடியாது. தமையனிடம் கேட்டேன்.

"அதுக்கொரு முறை இருக்குத்தானே அண்ணை. பந்து விளையாட்டை அதுக்குள்ளை எப்பிடிப் போடுறது?"

அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனாலும் பிழை பிழைதான்.

மயானத்து மண்டபம் குறித்த நேரத்துக்குத்தான் நமக்கு. வெளியே அடுத்த குடும்பம் நின்றது. மலரை ஒருநாளும் விளையாட்டுத் திடலில் கண்டிராத ஒருவர் பேசினார். இன்னொருவர் அனுதாபம் தெரிவித்தவர்களின் பெயர்களை வாசித்தார். அணிப் பெண்கள், பழையவர்களும் புதியவர்களும், நம் வயோதிபர்களுக்குக் கதிரைகளை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்சுவரோடு நின்றார்கள். இங்ரிட்டின் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. நான் ஒலிவாங்கி வைத்திருந்தவரிடம் போனேன்.

"அந்தப் பிள்ளைக்குக் குடு."

"நேரமில்லை அண்ணை. அவைக்கு எங்கடை முறையும் தெரியாது."

"உனக்கு முறை தெரியும். மலரைத் தெரியுமோ?"

"செத்த வீட்டிலை பிரச்சினைப்படுத்தாதேங்கோ."

அதற்குள் சவப்பெட்டி நகர்ந்துவிட்டது. இங்ரிட் தாளை ஜாக்கெட் பைக்குள் வைத்தாள்.

மலரிடமிருந்து நான் வைத்திருப்பது அவர் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு வசனம். அது எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் எனக்கு மட்டும் சொல்லப்பட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தலைத் தமையன் திருத்திப் போட வேண்டும். மகள், தங்கை என்பவற்றுக்கு முன்னால் பயிற்றுவிப்பாளர் என்று வர வேண்டும். உதவி என்ற சொல் அதில் வேண்டாம். அன்றைய கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஒலிவாங்கியை முதலில் இங்ரிட்டிடம் கொடுக்க வேண்டும். யாரும் மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. கல்லூரி, நடைபாதையில் தொங்குகிற படத்தைக் கழற்றி, மலரின் பெயரையும் அன்று அவர் எங்கே நின்றார் என்பதையும் எழுதி மாட்ட வேண்டும். கழற்ற ஆளில்லை என்றால் நான் வருகிறேன். இப்போதைய பயிற்றுவிப்பாளர், புதிதாக வருகிற மாணவிகளுக்கு இந்த அணியைக் குளிர்காலங்களில் வளர்த்தது யார் என்று சொல்ல வேண்டும். நம்மில் எவருடைய மகள் மலரிடம் பழகினாளோ, அந்தத் தகப்பன் இன்று மாலை அவளைப் பக்கத்தில் இருத்தி, மலர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னாலும், இடையில் எழும்பாமல், அவள் சொல்லி முடிக்கும்வரை இருக்க வேண்டும்.