கார்லோவி வாரியில் கழற்றிய ஷூ

தி.நகர் டிராவல்ஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக நான் டூர் மேனேஜர். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்களைச் சமாளித்திருக்கிறேன். என்னை ஆட்டிவைத்தது நானே கொடுத்த ஒரு பிரீஃபிங். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மைக்கில் சொன்னது

செக் நாட்டில் கார்லோவி வாரி, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பழைய ஊர். நீளமான கல்தூண் மண்டபத்தில் குழாய் குழாயாக ஊற்றுநீர் வரும். மூக்கு வைத்த பீங்கான் கோப்பையில் பிடித்து உறிஞ்சிக்கொண்டே பூங்காவில் உலாவுவார்கள்.

குரூப்பில் பதினெட்டுப் பேர். முந்தின நாள் மியூசியத்தில் அவர்கள் போட்ட சத்தத்துக்குக் காவலாளி என்னை முறைத்தார். அதனால் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, "இது கோயில் மாதிரி இடம். கோயில்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றேன்.

டிரைவரிடம் பேசிவிட்டு வந்தால், மண்டப வாசலில் பதினெட்டு ஜோடி ஷூ. முதலில் சிரிப்புதான் வந்தது.

2. சரளைப் பாதை

மண்டபத்தின் மறுமுனை பூங்காவில் திறக்கும். தண்ணீரைத் தீர்த்தமாகக் குடித்துவிட்டு அந்த வழியே இறங்கி, சரளைப் பாதையில் சுற்றி ஷூவை எடுக்க வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக அபிராமபுரம் கமலா மாமி, பூங்காவில் வாசித்த பேண்ட் வாத்தியத்தை ரசித்தபடி. அவர் நடந்த இடமெல்லாம் சிவப்புப் பொட்டு.

ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தேன். கிளம்பும் முன் அவர் மகள் சுதா ஆபீசுக்கே வந்து, "அம்மாவுக்கு சுகர். கால்ல உணர்ச்சியே கிடையாது. ஷூ இல்லாம ஒரு அடி வைக்க விடாதீங்கோ சார்" என்று கேட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தால், பாதத்தில் கண்ணாடிச் சில்லு.

"வலிக்கவே இல்லையே! கோயில்னு நீங்கதானே சொன்னேள்?" என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் கட்டுப் போட்டார். மிச்சப் பயணம் வீல்சேரில். ஊர் திரும்பும்போது மாமியே, "புது ஷூ கடிச்சுடுத்துன்னு சுதாகிட்ட சொல்லிக்கறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது" என்றார். தலையாட்டிவிடத்தான் ஆசை. ஆனால் ஏர்போர்ட்டில் சுதாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

3. மூன்று மாதம்

புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. கால்விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறுதோறும் மாமி வீட்டுக்குப் போவேன். சுதா காபியைக் கொண்டுவந்து வைப்பார், பேசமாட்டார்.

பயணிகள் நாம் சொல்வதைக் கேட்பதே இல்லை என்று இந்தத் தொழிலில் எல்லோரும் புலம்புவோம். கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கட்டைப் பிரித்த ஞாயிறன்றுதான் சுதா வாய் திறந்தார். "அடுத்த குரூப் எப்போ?"

"அடுத்த வாரம்மா."

"அவாகிட்ட என்ன சொல்லப் போறேள்?"

நின்றபடியே சொல்லிக்காட்டினேன். இன்றுவரை அதுதான் என் முதல் வாக்கியம். ஊற்றின் பெருமையும் பஸ் கிளம்பும் நேரமும் அதற்குப் பிறகுதான்.

"யாரும் ஷூவைக் கழட்டாதீங்க."