முந்நூறு சொற்களுக்குக் குறையாமல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பின் உயிரியல் பிரிவில் ஆறு பேர்தான். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். புதியவர் வருவார் என்று அதிபர் ஒவ்வொரு தவணையும் சொன்னார். அந்தப் பாடவேளைகளில் நாங்களே புத்தகத்தைத் திறந்து வைத்து, விளங்கியதுபோல ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவோம்.

அப்போதுதான் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தின் விண்ணப்பப் படிவம் வந்தது. வசதி குறைந்த பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் தயார்படுத்துகிற திட்டம். மாதம் ஒரு தொகை தருவார்கள். சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் ஆங்கிலம், கணினி, தொழில் வழிகாட்டல், அத்தோடு இரசாயனவியல். அந்தக் கடைசிச் சொல்லைக் கண்டதுமே நான் பேனையை எடுத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘உமது வாழ்வில் நிகழ்ந்த மிகத் துயரமான சம்பவத்தை முந்நூறு சொற்களுக்குக் குறையாமல் விபரிக்குக.’

பக்கத்து மேசைச் சிநேகிதி பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் கூலிக்கு மரம் அரிபவர். வேலை கிடைக்காத நாளில் அவர்கள் வீட்டில் தேத்தண்ணீரோடு சரி.

“எனக்குப் பெரிசா ஒண்டும் நடக்கேல்லையடி” என்றாள். “எங்கட வீட்டில எல்லாரும் உயிரோட இருக்கினம். என்னத்தை எழுதுறது?” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உன்ர அப்பான்ர கதையைக் கொஞ்சம் மாத்தி எழுதட்டோ?”

அவள் பகிடி விடவில்லை. வீட்டில் எல்லாரும் உயிரோடு இருப்பதைத் தன் குறையாக நினைத்துப் பயந்துபோயிருந்தாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளில்தான் வந்தது.

என் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை அன்றைக்கு அந்தப் படிவத்தில் எழுதவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

அதற்குப் பதிலாக, இரண்டு வருடப் பாடத்தில் ஒரு வருடம் ஆசிரியர் இல்லாமல் போனதை எழுதினேன். ஆய்வுகூடக் கதவின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க முடியாமல் இருப்பதை எழுதினேன். இரசாயனவியலில் வருகிற மூல் கணக்கை நானே படித்து, பிழையாக விளங்கி, அந்தப் பிழையோடே தவணைச் சோதனை எழுதியதை எழுதினேன். முந்நூறு சொற்களுக்கு மேலேயே வந்தது.

இரண்டு கிழமையில் படிவம் அதிபரிடம் திரும்பி வந்தது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ‘வினாவுக்குப் பொருத்தமற்றது. மீள எழுதவும்’ என்று குறித்திருந்தார்கள்.

அம்மா அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் காயப்போடுகிற வேலையில் இருந்தா. பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய் விசயத்தைச் சொன்னேன்.

“ஒரு தாளை நிரப்ப ஏலாதோ உனக்கு?” என்று ஏசினா. “கேட்டதை எழுதிக் குடன் பிள்ளை.”

நான் கேள்வியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு களத்தின் அந்தத் தொங்கல் வரை போய்த் திரும்பி வந்தா.

“அவர் என்ர மனுசன். அவற்ற கதை வேணுமெண்டால் முதல்ல என்னட்டையல்லோ கேக்கவேணும். எழுதாதை.”

மாற்றாமலே அனுப்பினேன். ஆனாலும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் அன்பாகத்தான் கதைத்தா.

“தங்கச்சி, நிதி தாற ஆக்கள் வாசிச்சு மனம் இளகவேணும். உங்கட நன்மைக்குத்தான் கேக்கிறம்.”

“மிஸ், அவை என்னத்துக்கு உதவி செய்யினம்? நாங்கள் அழுததுக்கோ, படிக்கிறதுக்கோ?”

“மற்றப் பிள்ளையள் எல்லாரும் எழுதியிருக்கினமே” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“ஓம் சேர். அவைக்கு வேற வழியில்லை. என்னட்டைப் படிப்பைப் பற்றிக் கேளுங்கோ. என்ர கொப்பி எல்லாம் கொண்டுவந்திருக்கிறன்.”

கொப்பிகளை மேசையில் வைத்தேன். ஒருவரும் திறக்கவில்லை. வெளியே அம்மா காத்துக்கொண்டு நின்றா. ஒரு சோடா வாங்கித் தந்தா.

தெரிவானவர்களில் என் பெயர் இல்லை. சிநேகிதியின் பெயர் இருந்தது. தங்கைக்கு டெங்கு வந்ததைப் பெருப்பித்து எழுதியிருந்தாள். பாவம், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “சனிக்கிழமை எத்தினை மணிக்கடி வகுப்பு?” என்று கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். நான் சைக்கிளில் போனேன். வாசலில் ஒரு அண்ணா இடாப்போடு நின்றார்.

“உங்கட பேர் இதில இல்லையே.”

“பேர் போடவேண்டாம் அண்ணா. காசும் வேண்டாம், சாப்பாட்டுப் பாசலும் வேண்டாம். பின்வாங்கில ஒரு இடம் காணும்.”

அவர் உள்ளே போய் யாரிடமோ கேட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். இரசாயனவியல் ஆசிரியர் என்னைப் பார்த்தார், இடாப்பைப் பார்த்தார், பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார். உண்மையைச் சொல்லவேண்டும், அருமையாகப் படிப்பித்தார். மூல் கணக்கில் ஒரு வருடமாக நான் எங்கே பிழைவிட்டேன் என்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே விளங்கிவிட்டது.

பின்னர் இரண்டு தடவை எழும்பச் சொன்னார்கள். எழும்பிப் போனேன். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் வந்தேன். மூன்றாவது தடவை சொல்ல ஒருவரும் வரவில்லை. மத்தியானத்தில் சிநேகிதி தன் பாசலைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளுவாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உயர்தரப் பரீட்சையை முதல் தரம் எழுதியதில் புள்ளி போதவில்லை. இரண்டாம் தரம் எழுதி விவசாய பீடத்துக்குத் தெரிவானேன். சிநேகிதி வவுனியாவில் தாதியர் பயிற்சியில் சேர்ந்தாள்.

பெறுபேறு வந்து கொஞ்ச நாளில் அந்தப் புலமைப்பரிசில் திட்டத்தின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. சாதித்த மாணவர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். என் படமும் இரண்டு வரியும் வேண்டுமாம்.

“தாறன்” என்றேன். “ஆனால் நீங்கள் என்னை எடுக்கேல்லை எண்டதையும், நான் வந்து பின்வாங்கில இருந்தனான் எண்டதையும் அப்பிடியே போடவேணும்.”

“அது சரிவருமோ தெரியாது தங்கச்சி, கேட்டுச் சொல்லுறன்” என்றது அந்தக் குரல். பிறகு அங்கேயிருந்து அழைப்பு வரவேயில்லை.

அம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தா. படம் வராதது நல்லதாம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் நான் சண்டைக்காரி மாதிரி இருக்கிறேனாம்.