வேள்வி விவாதத்துக்கு ஒரு வேதக்கார நடுவர்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பின்னேரம், சுருவிலுக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய ஊரின் சனசமூக நிலையத்தில் இது நடந்தது. நான் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்; ஊர்ச் சனத்தின் பேச்சில் வேதக்காரி. அந்த ஊர்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன்.

அங்குள்ள வைரவர் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை வேள்வி நடக்கும். நேர்த்தி வைத்தவர்கள் ஆட்டுக் கடா கொண்டுவந்து பலி கொடுப்பார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று ஊரில் பாதிப் பேர், நிறுத்த விடமாட்டோம் என்று மீதிப் பேர். அதற்கு முந்திய வருடம் வேள்வியன்று யாரோ பொலிசுக்கு அறிவிக்க, கோயில் வாசலிலேயே கைகலப்பாகிவிட்டது. அதன் பிறகு ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த சொந்தக்காரர்கூட செத்தவீட்டுக்குப் போய்வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வகுப்பில் பிள்ளைகளும் பிரிந்து இருக்கத் தொடங்கினார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நிறுத்த வேண்டும் என்ற பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். ஒருநாள் பாடசாலை விட்டபிறகு வந்தார்.

"முறைப்படி ஒரு விவாதம் வைப்பம் ரீச்சர். ரெண்டு பக்கமும் பேசட்டும். பிறகு சீட்டெழுதி வாக்கெடுப்பம். முடிவு எதுவெண்டாலும் எல்லாரும் கட்டுப்பட வேணும். மற்றப் பக்கமும் ஓமெண்டிட்டினம். நீர்தான் நடுவர்."

"நான் வேதக்காரி, சேர்."

"அதாலதான் கேக்கிறன். இந்த ஊருக்குள்ள ஒருபக்கமும் சாயாத ஆள் வேற இல்லை."

அவருக்கு நான் சொல்லாத விடயம் ஒன்று இருந்தது. மனதுக்குள் நானும் அவர் பக்கம்தான். இரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். அதுவும் தவக்காலம், மீன் இறைச்சி தொடாமல் மச்சம் விட்டிருந்த நேரம். ஆனால் நடுவராக இருக்கும்வரை என் விருப்பம் முகத்தில்கூடத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் சம்மதித்தேன். வீட்டில் கணவர் சிரித்தார். "கடைசியில ரெண்டு பக்கமும் ஒற்றுமையாகி உமக்குத்தான் அடிக்கப் போகினம்."

அன்று மண்டபம் நிறைந்து யன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. விதிகளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பக்கத்துக்கு மூன்று பேர். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். ஆளைப் பழித்துப் பேசக்கூடாது. தொடங்கவே கனடாவில் இருந்து ஒருவர் தொலைபேசியில் பேசப்போவதாக ஒரு அண்ணை கைபேசியை நீட்டினார். "இங்க வந்து இருக்கிறவைக்குத்தான் நேரம் அண்ணை" என்று நான் சொல்ல, இரண்டு பக்கமும் சிரித்தது. கொஞ்சம் தெம்பு வந்தது.

வேள்வி வேண்டும் என்ற பக்கத்தில் கடைசியாக எழும்பியவர் ஒரு கடற்றொழிலாளியின் மனைவி. மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லாதவர். கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அனலைதீவுக்கு அங்கால இவற்ர வள்ளம் எஞ்சின் பழுதாகி நிண்டிட்டுது. ரெண்டு நாளா ஆள் வரேல்லை. எனக்கு வேற ஒரு வழியும் தெரியேல்லை. வைரவரிட்டைத்தான் கடா தாறனெண்டு சொன்னனான். ஆள் வந்திட்டுது. அந்தக் கடாவை நான்தான் வளக்கிறன். குழை குடுக்கேக்க எனக்கும் மனம் நோகுது. ஆனா சொன்ன சொல்லை மாத்தப் பயமாக்கிடக்கு. அவர் இப்பவும் கடலுக்குப் போறவரெல்லே?"

சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார்.

அடுத்து, விவாதத்தின் கடைசிப் பேச்சாளராக அதிபர் எழும்பினார். உண்மையிலேயே அருமையாகப் பேசினார். கொல்லாமை பற்றிச் சொன்னார், சிறுபிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைச் சொன்னார். இவர்தான் வெல்லப்போகிறார் என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். நேரம் முடிந்தது. மணி அடித்தேன். அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"கடவுள் என்ன இறைச்சிக்கடை முதலாளியே? புருசனைத் தந்தா ஆடு தாறன் எண்டு பேரம் பேச? படிப்பறிவில்லாத சனம் இப்பிடித்தான்!"

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். நான் திரும்பவும் மணியை அடித்தேன்.

"சேர், நேரம் முடிஞ்சுது. கடைசியாச் சொன்னதை நீங்கள் திருப்பி எடுக்க வேணும்."

அவர் என்னை நம்பமுடியாமல் பார்த்தார். என்னைக் கூப்பிட்டதே அவர்தானே. "எங்கட சமயத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் கேட்டதுதான் தாமதம், பின்னால் இருந்து ஒரு குரல்: "வேதக்காரிக்கு எங்கட கோயில் விசயத்தில என்ன வேலை?"

எழும்பிப் போய்விடலாம், ஒருவரும் பிழை சொல்லமாட்டார்கள். ஆனால் நான் போனால் கூட்டம் குழம்பும், வாக்கெடுப்பு நடக்காது, அந்த வருட வேள்விக்கும் பொலிசும் அடிபாடும்தான்.

"ஒண்டும் தெரியாது சேர்," என்றேன். "அதாலதான் என்னை நடுவராக் கேட்டனீங்கள். நீங்கள் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கும்வரைக்கும் வாக்கெடுப்பு இல்லை. நானும் எழும்பமாட்டன்."

சத்தம் எழும்பி அடங்கியது. சிலர் வாசல்வரை போய் நின்று பார்த்தார்கள். நான் மணியில் கை வைத்தபடி இருந்தேன். அதிபரும் நின்றபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது முடியாததுபோல் இருந்தது. பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "தங்கச்சி, நான் சொன்னது பிழை. குறை நினையாதையும்" என்றார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினார்.

வாக்குச் சீட்டுகளை இரண்டு பக்கத்து ஆட்களையும் வைத்தே எண்ணினோம். கொஞ்ச வித்தியாசத்தில் வேள்விப் பக்கம் வென்றது. குரல் மாறாமல் முடிவை வாசித்தேன்.

அதிபர் எழும்பியபோது பயந்தேன். அவர், "முடிவுக்குக் கட்டுப்படுறன். ஆனா அடுத்த வருசமும் விவாதம் கேப்பன்" என்றார். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவர், "கேளுங்கோ சேர், நாங்களும் வருவம்" என்றார்.

வேள்வி நடந்தது. பொலிஸ் வரவில்லை, சண்டையும் இல்லை. அன்று பின்னேரம் அதிபர் மனம் உடைந்து இருப்பார் என்று அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் மூடிய சட்டியொன்றோடு வாசல் படலையில் வந்து நின்றார்.

"சேர், இது பொங்கல் மட்டும்தான். மச்சம் படாத பானையில வீட்டில புறம்பாப் பொங்கினது."

அதிபர் எழும்பிப் போய்ப் படலையைத் திறந்தார். பிறகு, "வெளியில நிக்காமல் உள்ளுக்கு வாரும்" என்றார். சட்டியை வாங்கி, எங்கள் இருவருக்கும் முன்னாலேயே ஒரு வாய் சாப்பிட்டார்.

"உம்மட மனுசன் எப்ப கடலுக்குப் போறார்?"

"நாளைக்கு விடியப் போறார் சேர்."

"கவனமாப் போகச் சொல்லும்."

வேள்வி இன்னும் நிற்கவில்லை. போன வருடமும் விவாதம் நடந்தது, வேள்விப் பக்கம்தான் வென்றது, நான்தான் நடுவர். அது நிற்க வேண்டும் என்ற என் விருப்பமும் மாறவில்லை. ஆனால், வெல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மனிதரையே நிறுத்தி வைத்த அந்தப் பின்னேரத்தை நினைக்கும்போதெல்லாம், எனக்குப் பிடித்த முடிவு கிடைப்பதைவிட ஒருவரும் தலைகுனியாமல் அந்த முடிவுக்கு வந்து சேர்வதற்காகப் பிடிவாதம் பிடிப்பதே பெரிது என்று என் மனம் இன்றும் உறுதியாகச் சொல்கிறது.