மோந்து பார்த்தவள்

வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் சேர்ந்து நாலு வருஷமாகியும் யோகலட்சுமி பாதுகாப்பு உடுப்பைப் போட்டது மூன்றே தடவை. அதுவும் பக்கத்து மாவட்டத்தில் இரவல் வாங்கியது. ஆறடி ஆளுக்குச் செய்த உடுப்பு. அவள் போட்டால் முழங்கால் கவசம் கணுக்காலில் வந்து உட்காரும்.

“கம்மங்காட்டுப் பொம்மை கணக்கா இருக்கே” என்பார் இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டியன்.

“காக்கா அண்டாதுல்லா சார், அது போதும்.”

இந்த வருஷம் புது உடுப்பு வாங்கவும், இரண்டு பேரை வடக்கே ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பவும் நிதி ஒதுக்கியிருந்தார்கள். எந்தப் பிரிவுக்கு என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்தார். அந்த இரண்டு இடத்தில் ஒன்று தனக்கு வாய்க்காதா என்று யோகலட்சுமி ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

மைதானத்தில் ஒத்திகை. உடைமர நிழலில் குண்டு என்று வைத்த ஒரு டிபன் பாக்ஸ். முப்பது கிலோ உடுப்போடு கரிசல் வெயிலில் நடந்துபோய் மூடியில் கயிற்றுக் கொக்கியை மாட்டினாள். திரும்பி வந்து, தூரத்திலிருந்தே கயிற்றை இழுத்து மூடியைத் திறந்தாள். சாம்பல் நிறத் தூள் சிந்தியது. அதுவரை எல்லாம் ஒழுங்கு. பக்கத்தில் போனவள் முகக் கவசத்தைத் தூக்கினாள். ஒரு சிட்டிகை எடுத்து, விரலால் நெருடி, மோந்து பார்த்தாள்.

அதிகாரி விசில் ஊதினார். “நீங்க செத்துட்டீங்கம்மா.”

அவளுடைய அம்மா வெயிலுகந்தம்மாள் முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கியவள். மருந்து காய்ந்ததா, ஈரமா என்று அந்த வீட்டில் பார்ப்பது இப்படித்தான். மகளின் கை அதை மறக்கவில்லை.

“ஏன் அப்படிச் செஞ்சீங்க?”

மழுப்பியிருக்கலாம். அவள் உள்ளதைச் சொன்னாள். “எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பாப்பாவ சார். மருந்துன்னா எங்களுக்குப் பயமே கிடையாது. நான் மட்டுமில்ல, இங்கன நிக்கிறவியள்ல பாதிப்பேரு மோந்துதான் பாத்திருப்பாவ.”

அதிகாரி திரும்பினார். “உண்மையைச் சொல்லுங்க. யார் யார்?”

ஏழு பேரில் நாலு கை உயர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, தங்கப்பாண்டியனும் காதைச் சொறிவதுபோலக் கையைத் தூக்கினார்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மத்த இடத்துல பயத்தைப் போக்கணும். உங்களுக்குப் பயத்தை வரவழைக்கணும். முதல்ல நீங்கதான் போகணும்.”

மாசியில் உத்தரவு வந்தது. இரண்டு பெயரில் ஒன்று யோகலட்சுமி. புது உடுப்புக்கு அளவும் கேட்டிருந்தார்கள். அம்மா இஞ்சுடேப்பை எடுத்து அளந்தாள்.

“ஏட்டி, அங்கன போயும் மோந்து கீந்து பாத்துராத.”

“அந்தப் பழக்கத்தை விடுறதுக்குப் படிக்கத்தானம்மா போறேன்.”

“அப்ப இடுப்புல ரெண்டு இஞ்சு கூடவே எழுது. ஆறு வாரம் ரொட்டி தின்னுட்டு வருவே.”